மோசமில்லை என்று சொன்னவன்

“எப்படி இருக்கீங்கன்னு கேட்பாங்க. தயவுசெஞ்சு ‘மோசமில்ல’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, மிஸ்டர் ஆக்டன்.”

மான்செஸ்டர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் எங்கள் வக்கீல் இமோஜென் பெல் மறுபடியும் சொன்னார். என் கணவன் ஆலெக் கோட்டுப் பைகளுக்குள் கைகளை ஒளித்தபடி தலையாட்டினான். பேக்கரித் தொழிற்சாலையின் மாவு பிசையும் இயந்திரம் அவன் வலது கையை நசுக்கிவிட்டது. இடது கையில் இரண்டு விரல்களே மிச்சம். தவறு தங்களுடையதுதான் என்று முதலாளி ஒப்புக்கொண்டாயிற்று. சண்டை நஷ்டஈட்டுத் தொகையில்தான்.

“கைக்குன்னு வர்ற தொகை சின்னது. இனிமே சம்பாதிக்க முடியாதது, உங்க மனைவி கிளெனிஸ் உங்களைப் பார்த்துக்கறது, அதுதான் பெருசு. உங்க கஷ்டம் தெரிஞ்சாத்தான் நீதிபதி அதைத் தருவாங்க,” என்றார் இமோஜென்.

முதலாளியின் காப்பீட்டுக் கம்பெனி நாற்பதாயிரம் பவுண்டு தருவதாகச் சொன்னது. எங்கள் வீட்டுக் கடனுக்கே அது போதாது. ஆலெக்கைக் கவனிக்க நான் பள்ளிச் சமையலறை வேலையை விட்டிருந்தேன். இன்று தோற்றால் வீடு போய்விடும்.

கம்பெனி டாக்டரிடமும் இவன், “மோசமில்ல டாக்டர், சமாளிச்சுக்கறேன்,” என்றுதான் சொல்லியிருந்தான். எங்கள் ஓல்டம் ஊரே இப்படித்தான். சவப்பெட்டிக்குப் பின்னால் நடப்பவரைக் கேட்டாலும் இதே பதில் வரும்.

ஆலெக் சாட்சிக் கூண்டில் ஏறினான். கம்பெனி வக்கீல் ட்ரெலானி புன்னகையோடு எழுந்தார்.

“பஸ்லயா வந்தீங்க, மிஸ்டர் ஆக்டன்? இந்த மழையில சிரமமா இருந்திருக்குமே.”

“பழகிப்போச்சு.”

“தூக்கமெல்லாம்?”

“குறையில்ல.”

“வீட்டுல எப்படி?”

“சமாளிச்சுக்கறோம்.”

இமோஜெனின் பேனா நின்றது. ட்ரெலானி அதட்டவே இல்லை. அன்பாக விசாரித்தே குழி தோண்டினார். இவனும் நன்றி சொல்லாத குறையாக அதில் இறங்கினான்.

அடுத்த சாட்சி நான். “உங்க கணவருக்கு என்னென்ன செய்யறீங்க?” என்று கேட்டார் இமோஜென்.

ஆலெக் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். எதைச் சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே கெஞ்சியிருந்தான்.

“சாப்பாட்டை வெட்டிக் கொடுப்பேன். ஷூ கயிறு கட்டிவிடுவேன்.”

“வேற ஏதாவது?”

வீடு நினைவுக்கு வந்தது.

“குளிப்பாட்டுவேன். கழிவறைக்கும் கூடப் போவேன். வலி வந்தா குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழறான், எனக்குக் கேட்கக் கூடாதுன்னு.”

ஆலெக் காது வரை சிவந்து தரையைப் பார்த்தான். ட்ரெலானி எழுந்தார்.

“உங்க கணவர் எல்லாம் சரியா இருக்குன்னாரே, மிசஸ் ஆக்டன். ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றது?”

“நீங்க நலம் விசாரிச்சீங்க, சார். அதுக்கு எங்க ஊர்ல யாரு உண்மையைச் சொல்றா? நீங்க லண்டன்காரர், உங்களுக்குத் தெரியாது.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆலெக் பக்கம் திரும்பினார்.

“மிஸ்டர் ஆக்டன், நான் நலம் விசாரிக்கல. உங்க மனைவி சொன்னது உண்மையா?”

இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி, வீடும் இல்லை. ஆலெக் எழுந்து நின்றான். பைகளிலிருந்து கைகளை எடுத்து, எல்லோரும் பார்க்க மேஜைமேல் வைத்தான்.

“அவ பாதிதான் சொன்னா, மேடம். போன மாசம் கொதிக்கற கெட்டிலைக் கால்ல போட்டுக்கிட்டேன். கொஞ்சம் டீ கொட்டிடுச்சுன்னுதான் அவகிட்டச் சொன்னேன்.”

அப்புறமும் அவன் நிறுத்தவில்லை. முடித்தபோது, சற்று அவகாசம் வேண்டும் என்று ட்ரெலானியே கேட்டார்.

தாழ்வாரத்தில் இமோஜென் ஏறக்குறைய ஓடி வந்தார். “ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் தரேங்கறாங்க. நான் எதிர்பார்த்ததை விட அதிகம். ஒத்துக்கலாமா?”

ஆலெக் என்னைப் பார்க்காமலே, “சரின்னு சொல்லுங்க,” என்றான். அவர் போனதும் கேட்டான்: “குழாய் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?”

“சுவர் மெல்லிசு, ஆலெக்.”

“அப்போ பக்கத்து வீட்டு டோரீனுக்கும் கேட்டிருக்குமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

“கேட்டிருக்கும்,” என்றேன்.