ஜாமீனுக்கு வந்த இன்ஜின்

அந்த காலேஜ்ல அட்டெண்டன்ஸ் குறைஞ்சா அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறதுல பிரயோஜனம் இல்ல. ஜாமீன் நிக்க, பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒண்ணு நேர்ல வரணும். அப்பா அம்மான்னா "இனிமே ஒழுங்கா வருவா சார்"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க; மறுநாள் காலைல அவங்களே எந்திரிக்க மாட்டாங்க. இன்ஜின் அப்படி இல்ல. டீசல் இன்ஜினை கேட்லயே நிறுத்திருவாங்க, உள்ள விட்டா அது வராண்டாவுல நின்னு சத்தம் போடும். மூணு சிலிண்டருக்கு சாட்சி ஒண்ணு குறையும். புது இன்ஜினுக்குத் தன் உடம்புக்கு என்னன்னு சொல்லவே ஒரு கம்ப்யூட்டர் கூட வரணும்.

மௌனிகாவுக்கு அறுபத்தோரு சதவீதம். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். பேருதான் மௌனிகா, வாயைத் திறந்தா ஊரு ரெண்டாயிடும். அஞ்சு நாள்ல ரெண்டு நாள் வாத்தியாருங்களோட சண்டை போட்டு கிளாசுக்கு வெளியதான் நின்னா. வெளிய நின்ன நாளெல்லாம் ஆப்சென்ட். மத்தியானம் பரீட்சை. ஹால் டிக்கெட் கிடைக்கலைன்னா, ஜூனியர் பசங்க நடுவுல உக்காந்து, அதே ஹெச்.ஓ.டி. ஞானசிகாமணி வாயால அதே பாடத்தை இன்னொரு வருஷம் கேக்கணும். அதுக்கு காய்ச்சின எண்ணெயைக் காதுல ஊத்திக்கலாம்னு அவ வீட்டுல சொல்லிட்டா.

அதனால காளியண்ணன் மாமா காலைல தன் டாக்ஸியோட பானெட்டைத் திறந்து, இன்ஜினை இறக்கிக் குடுத்தாரு. கோயமுத்தூர் ஸ்டேஷன்ல இருபத்திரண்டு வருஷமா சவாரி ஏத்தின இன்ஜின். ஆட்டோவுல அதை நடுவுல உக்கார வச்சு, இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் மௌனிகா. மடியில பேட்டரி, கால்கிட்ட பெட்ரோல் கேன். பெரிய மனுஷங்க முன்னாடி போகுதேன்னு மாமா அதுக்கு ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தி விட்டிருந்தாரு. வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை.

"அங்க போயி அதை யாரும் மட்டமாப் பேசிறக் கூடாது கண்ணு. மானஸ்தன்."

"பேசட்டும் மாமா, நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவேன்னுதான் எனக்கு பயமே."

ஞானசிகாமணி இன்ஜினுக்கு நாற்காலி போடச் சொன்னாரு. மாமாவை நிக்கச் சொன்னாரு. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே ஆரம்பிச்சாரு.

"எத்தனை சிசி?"

"ஆயிரத்து முன்னூறுங்க சார். எட்டு வால்வு. கார்பரேட்டருங்க."

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"ரெண்டரை லட்சம் கிலோமீட்டருங்க."

"இன்ஜின் பிரிச்சிருக்கா?"

மாமா முகம் சிவந்துபோச்சு. "ஒரு போல்ட்டுகூடக் கழட்டுனதில்லீங்க. இதுவரைக்கும் ஹெட்டைத் தூக்கினதில்ல. ஆயிலு நேரத்துக்கு மாத்துவேன், அவ்வளவுதாங்க."

"ஆயில் குறையுமா? புகை?"

"மேடு ஏறும்போது லேசா நீலமா ஒரு மூச்சு விடும். நம்மளும்தான் விடுவோம்."

"காலைல?"

"சோக்கை இழுத்தா ஒரே செல்ஃப்புங்க. ஊட்டிக் குளிர்லயும்."

ஞானசிகாமணி தலையாட்டுனாரு. எல்லாம் திருப்தி. கடைசியா ரெஜிஸ்டரைப் பிரிச்சாரு. ஜாமீன் நிக்கறவங்க முதல்ல வந்திருக்காங்களான்னு பாக்கணும், அது முறை. பேட்டரியை மாட்டி, மாமா சாவி போட்டாரு. இன்ஜின் எந்திரிச்சுது.

"நம்பர் ஒண்ணு."

ஒண்ணாவது சிலிண்டர் பட்டுன்னு குரல் குடுத்துச்சு. டிக் போட்டாரு.

"நம்பர் ரெண்டு."

குரல் வந்துச்சு. ஆனா மூணாவது சிலிண்டர்ல இருந்து வந்துச்சு. ஞானசிகாமணி நிமிர்ந்து பாத்தாரு. "ப்ராக்ஸி"ன்னு எழுதுனாரு.

"நம்பர் மூணு."

நாலாவது பதில் சொல்லுச்சு. "ப்ராக்ஸி."

"நம்பர் நாலு."

ரெண்டாவது சொல்லுச்சு. பேனாவை மூடிட்டாரு.

"நாலுல ஒண்ணுதான் வந்திருக்கு. இருபத்தஞ்சு சதவீதம். உன்னைவிடக் கம்மிம்மா. இதுக்கே ஒரு ஜாமீன் வேணும்."

மௌனிகாவுக்கு உச்சி மண்டை கொதிச்சுது. "சார், நாலு பேரும் உள்ளதான் இருக்காங்க. அவங்க வரிசை ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. அடுத்தடுத்து இருக்கறவங்க வரிசையா வெடிச்சா கிராங்க் ஷாஃப்ட் ஒரு பக்கமா அடி வாங்கும். நீங்க நடத்தினதுதான். நான் வெளிய நின்னே கேட்டேன்."

"பாடம் வேற, ரெஜிஸ்டர் வேற."

"அப்ப அவங்க வரிசையில கூப்பிடுங்க."

"முப்பது வருஷமா ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டுதான் கூப்பிட்டிருக்கேன். வேணும்னா பிளக் வயரை மாத்தி மாட்டு. ரெண்டுன்னா ரெண்டு பேசணும்."

"மாத்துனா பின்னாடி வெடிக்கும் சார். செத்துரும்."

மாமா துண்டை எடுத்து முகத்தைத் தொடச்சுக்கிட்டாரு. "மாத்திரலாம் கண்ணு. ஒரு வருஷம்ங்கிறது சும்மாவா? வாழவேண்டிய புள்ள நீ. அதுக்கு வயசாச்சு."

"நீங்க சும்மா இருங்க மாமா." அவ ஞானசிகாமணி பக்கம் திரும்புனா. "சார், ஒண்ணே ஒண்ணு. பேரைக் கூப்பிடறவங்க ஆப்சென்ட் ஆக முடியுமா?"

"எப்படி முடியும்? இருந்தாத்தானே கூப்பிட முடியும்?"

"ரெஜிஸ்டர்லயும் அப்படித்தானா?"

"ரெஜிஸ்டர்லயும் அப்படித்தான்."

"அப்ப இன்ஜின் கூப்பிடட்டும். நீங்க உள்ளேன் சொல்லுங்க."

ஞானசிகாமணி யோசிச்சாரு. தப்புன்னு சொல்ல இடம் இல்ல. ரெஜிஸ்டரை இன்ஜின் பக்கமா நகர்த்தி வச்சிட்டு, எந்திரிச்சு நின்னு, சட்டையை இழுத்து விட்டுக்கிட்டாரு.

இன்ஜின் நிமிஷத்துக்கு எண்ணூறு சுத்துல நிதானமா ஓடிட்டிருந்துச்சு. சுத்துக்கு ரெண்டு வெடி; எண்ணூறு சுத்துன்னா, நாலு சிலிண்டரும் சேந்து நிமிஷத்துக்கு ஆயிரத்து அறுநூறு தடவை அவரைக் கூப்பிட்டுச்சுங்க. அவரும் விடல. "உள்ளேன், உள்ளேன், உள்ளேன்"ன்னு மூச்சு வாங்க வாங்கச் சொன்னாரு. நடுவுல ஒருதடவை இருமினாரு. அதுக்குள்ள எழுபது ஆப்சென்ட். மாமா சாவியைத் திருப்பி அணைச்சப்ப அவருக்கு நாலு சதவீதம்.

அவரே கணக்குப் போட்டு, அவரே எழுதுனாரு. நேர்மையான மனுஷன்.

"எனக்கும் ஜாமீன் வேணுமே"ன்னாரு மாமாவைப் பாத்து.

"அதுக்கென்னங்க சார், நம்ம இன்ஜினே நிக்கும். ஆறு பேரை ஏத்திட்டு மருதமலை ஏறுனது. ரெண்டு பேரு அதுக்கு ஒரு பாரமா?"

கூப்பிட்டவங்க ஆப்சென்ட் ஆக முடியாதுங்கிறதால இன்ஜினுக்கு நூறு சதவீதம் ஆச்சு. கையெழுத்துக்கு ரெண்டு ஜாமீன் பேப்பரை அதுக்கு அடியில வச்சாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு ஆயில் விழுந்துச்சு. ஞானசிகாமணி ஒண்ணைத் தன் பையில வச்சுக்கிட்டாரு, இன்னொண்ணுல சீல் குத்தி ஹால் டிக்கெட்டோட மௌனிகாகிட்ட குடுத்தாரு.

"இனிமே வாயைக் குறைச்சுக்கோ."

"நீங்க கொஞ்சம் வேகமா உள்ளேன் சொல்லிப் பழகுங்க சார்."

மாமா இன்ஜினுக்குத் துண்டைத் திரும்பப் போர்த்தி ஆட்டோவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மௌனிகா படிக்கட்டுல ரெண்டு ரெண்டாத் தாவி ஹாலுக்கு ஓடுனா. பெல் அடிக்க ஒரு நிமிஷம் இருந்துச்சு. ஜன்னலோரம் கடைசி பெஞ்சு அவளுக்கு. அதே பெஞ்சுல, ஜன்னல் வழியா உள்ள வந்த மழை உக்காந்து எழுதிக்கிட்டிருந்துச்சு. பெல்லுக்கு முன்னாடியே முதல் கேள்வியை முடிச்சு அடிஷனல் ஷீட் கேட்டிருந்துச்சு.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, என் பேப்பர் நனையுது"ன்னா மௌனிகா.

மழை ஸ்கேலை எடுத்துக்கிட்டுத் தள்ளி உக்காந்துச்சு.