ஆல்மா தெருவில் வளர்ந்தவர்கள்

ஜூலியின் கடிதம் வந்த அன்று அப்பா போடிமெட்டுக்கு இரண்டாவது லோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அம்மா அப்போதுதான் ஏலக்காய் ஸ்டோரிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தபால்காரர் நீலக் கடிதத்தை என் கையில் கொடுத்து, "சீமைக் கடுதாசி" என்று சொல்லிவிட்டுப் போனார். 1983 ஜனவரி. எனக்குப் பதினாறு வயது முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நான் பிறந்ததும், பதினோரு வயதுவரை வளர்ந்ததும் இங்கிலாந்தில். வடக்கே கால்டன் என்ற சின்னப் பஞ்சாலை ஊர். அப்பா காசிராஜன் கல்யாணத்துக்கு முன்பே கப்பலேறிப் போய் அங்கே ஒரு நூற்பாலையில் சேர்ந்திருந்தார். பிறகு லீவில் வந்து சிலமலையில் பெண் எடுத்து, அம்மாவையும் கூட்டிப்போனார். ஆலை மூடியதும் மூவரும் போடிக்கே திரும்பினோம். அப்பா ஒரு பழைய ஜீப்பை வாங்கி, எஸ்டேட்டு வேலைக்குப் போகிறவர்களை மலைக்கு ஏற்றி இறக்கினார். அம்மா ஏலக்காய் ஸ்டோரில் தரம் பார்த்துக் காய் பொறுக்கப் போனாள். நான் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறவர்களோடு முதல் வருடம் முழுக்கச் சண்டை போட்டேன்.

ஜூலி ஆல்மா தெருவில் எங்களுக்கு எதிர்வீடு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதுவாள். இந்தக் கடிதத்தில் ஒரு செய்தி இருந்தது. ஆல்மா தெருவை முழுசாக இடிக்கப்போகிறார்கள். நூலகத்தில் உள்ள ஒரு அம்மாள், அந்தத் தெருவில் வளர்ந்தவர்கள் எல்லோரிடமும் நினைவுகளை எழுதி வாங்கி ஒரு சின்னப் புத்தகமாகப் போடுகிறார். "மணி, நீயும் எங்களில் ஒருத்திதானே. மார்ச்சுக்குள் இரண்டு பக்கம் எழுதி அனுப்பு."

படித்ததை அப்படியே அம்மாவிடம் தமிழில் சொன்னேன். "இடிக்கிறாகளா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எங்கள் வீட்டில் கால்டனைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மாவுக்காகத்தான். ஊருக்கு வந்த புதிதில் அத்தைமார்கள் சுற்றி உட்கார்ந்து, "சீமை எப்பிடித்தா இருந்துச்சு?" என்று கேட்டபோது, "பன்னெண்டு வருசம் ஜெயில்ல இருந்தேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லி முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா வாய் திறக்கவில்லை. நானும் எதையாவது சொல்ல நினைத்தால், அம்மா இல்லாத இடம் பார்த்துத்தான் சொல்வேன்.

அதனால் என் இரண்டு பக்கத்தை அப்பாவிடம்தான் வாசித்துக் காட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு கால்கள்தான் வெளியே தெரிந்தன. வாசலில் வைத்த பால் பாட்டில் குளிரில் உறைந்து, பால் மேலே எழும்பித் தகர மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதை எழுதியிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் தெருவிளக்கு எரிவதை, நவம்பரில் பழைய நாற்காலிகளைக் குவித்துத் தெருவே சேர்ந்து கொளுத்துவதை, அந்தச் சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கை எழுதியிருந்தேன்.

"ஆலைச் சங்கை விட்டுட்டியே," என்றார் அப்பா அடியிலிருந்து. "ஆல ஊதுனா நீ தொட்டில்ல கெடந்து கூடவே கத்துவ. தெருவுல எல்லாப் பிள்ளையும் கத்தும்."

வெளியே வந்து, கிரீஸ் கையோடு ஸ்பானரைப் பிடித்தபடி அவர் மேலும் சொல்லிக்கொண்டே போனார். மழையில் கருங்கல் தெரு பளபளப்பது, சனிக்கிழமை பந்தாட்டம், பக்கத்து வீட்டு விட்டேக்கர் அம்மாள் கொண்டுவந்து தரும் ரொட்டி. ஐந்து வருடமாக அவர் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுப்படியில் பாத்திரம் ஒன்று வேகமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி ஜீப்புக்கு அடியில் போய்விட்டார்.

அம்மா அந்த வாரம் முழுக்க ஒரு மாதிரி இருந்தாள். குழம்பு இரண்டு நாள் அடிப்பிடித்தது. நாங்கள் பழசைக் கிளறியதால் கோபம் என்று அப்பாவும் நானும் நினைத்துக்கொண்டோம். தாள்களை என் பூகோளப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்தேன்.

அடுத்த வாரம் ஸ்டோரில் வேலை குவிந்துவிட, அம்மா ஒரு மூட்டை ஏலக்காயை வீட்டுக்கே கொண்டுவந்தாள். மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, முறத்தில் பரப்பி, வெடித்ததையும் வெளுத்ததையும் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே அம்மா கேட்டாள்.

"அந்தக் கடுதாசி எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா. இன்னும் அனுப்பல."

"எடுத்தா. வாசி."

பயந்துகொண்டேதான் வாசித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் மாற்றிச் சொன்னேன். அவள் கை ஏலக்காயைப் பிரித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் வாசல்படியைக் கழுவி, ஒரு மஞ்சள் கல்லால் படியின் ஓரத்தைத் தேய்த்து வரி போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். எங்கள் வீட்டுப் படியையும் விட்டேக்கர் அம்மாள்தான் தேய்த்துக் கொடுத்தார் என்று எழுதியிருந்தேன்.

"இது தப்பு," என்றாள் அம்மா. "நம்ம படிய நான்தான் தேச்சேன். விட்டக்கா இல்ல."

விட்டேக்கர் என்ற பெயர் அவள் வாயில் முதல் நாளிலிருந்தே விட்டக்காதான். அதைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"நான் போயி ஒரு மாசம் இருக்கும். உங்க அப்பா ஆலைக்குப் போயிட்டா, ஜன்னல்தான் எனக்கு. தெருவுல பொம்பளைக எல்லாம் குனிஞ்சு படி கழுவுறாக. அட, நம்ம ஊரு மாதிரித்தான இருக்குன்னு நானும் வாளி நெறையச் சுடுதண்ணியக் கொண்டாந்து, படியில, தெருவுல எல்லாம் தாராளமா ஊத்திட்டேன். அந்தக் குளிருல அது கொஞ்ச நேரத்துல கண்ணாடியாப் போச்சு. விட்டக்கா கடைக்குப் போனவ, வழுக்கித் தொப்புன்னு உக்காந்துட்டா."

"அடி பட்டுச்சா?"

"நான் ஓடிப்போயித் தூக்குறேன், எனக்கும் வழுக்குது. அவ மடியிலயே விழுந்துட்டேன். ரெண்டு பேரும் ஐஸ்ல உக்காந்துக்கிட்டு… அவ சிரிக்கிறா. தொப்பி ஒரு பக்கம் கெடக்கு, உருளைக்கெழங்கு ஒரு பக்கம் உருளுது. எனக்கு அழுக வந்து, அவ சிரிக்கிறதப் பாத்துட்டு எனக்கும் சிரிப்பு. உங்க அப்பாவத் தவிர அந்த ஊருல என்னையத் தொட்ட மொத ஆளு அவதான்."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். நான் பென்சிலை எடுத்தேன்.

"அந்தக் கல்ல அவதான் குடுத்தா. வெயில்காலம் வந்ததும், வீட்டு முன்னால ஒரு நாளு அந்தக் கல்லாலயே கோலம் போட்டேன். பெருசா, கட்டம் கட்டமா. பிள்ளைக எல்லாம் ஓடி வந்து நின்னு பாத்துச்சுக. பாண்டிக் கட்டம்னு நெனச்சுக்கிட்டு ஒண்ணு தாவுது, அது பின்னால இன்னொண்ணு. ஒரு சிவப்பு முடிக்காரி என் கையில ஒரு சில்லக் குடுத்து, ஒன் மொறைங்குற மாதிரி நிக்கிறா. நான் ரெண்டு பக்கமும் பாத்தேன். ஒருத்தரும் என்னைய வையல. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டுத் தாவுனேன். நீ வயித்துல இருந்தது அப்ப எனக்கே தெரியாது."

அவள் முகத்தில் எனக்குத் தெரியாத ஒரு பெண் தெரிந்தாள்.

"சிலமலையில நான் ஒம்பது வயசுலயே களையெடுக்கப் போனவ மணி. ஓடக்கூடாது, சிரிக்கக்கூடாது, சோலியப் பாருன்னுதான் வளத்தாக. அங்க போறப்ப எனக்குப் பதினேழு. அந்தத் தெருவுல வளந்தவுகதான எழுதணும்? நானும் அங்கதான வளந்தேன்."

"பிறகு ஏம்மா ஜெயிலுன்னு சொன்ன?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக்கூடாதோ என்று பட்டது. அம்மா ஒரு ஏலக்காயை நகத்தால் பிளந்து, உள்ளே இருந்த ஏலரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நாலு வயதில் ஒரு தம்பி பிறந்தான் என்பது தெரியும். பதினோரு நாள் இருந்தான். அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"அவன அங்கன விட்டுட்டு வந்துட்டேன்ல," என்றாள். "நல்லா இருந்துச்சுன்னு எப்பிடிச் சொல்லச் சொல்ற? அப்பிடிச் சொன்னா, பிள்ளைய மறந்துட்டான்னு ஆயிடாதா? அதான் ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன்." பிறகு, கடிதம் வந்த நாளிலிருந்து மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். "தெருவ இடிக்கிறாகன்னு எழுதியிருக்காளே. அவன் கெடக்குற எடத்தையும் இடிச்சிருவாகளா?"

அதுதான் அவளை அந்த வாரம் முழுக்க வாட்டியது. நாங்கள் அதைக் கோபம் என்று நினைத்திருந்தோம்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மாவே அவரிடம் சொன்னாள். அவர் சாவியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குங் கூட அந்த நெனப்புத்தான் ஓடுது," என்றார். "நீ தாங்கமாட்டயேன்னு இருந்தேன்." இருவரும் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அப்பாவின் காது என்று அம்மா சொன்னாள். இல்லை, சிலமலைத் தாத்தா காது என்று அப்பா சொன்னார்.

புத்தகத்துக்கு மூன்று பக்கம் அனுப்பினேன். இரண்டு என்னுடையது, மூன்றாவது என் அம்மா பெரியம்மாள் சொல்ல நான் எழுதியது. படி கழுவிய கதையும், கோலத்தில் தாவிய கதையும். ஜூலிக்குத் தனியாக ஒரு கடிதத்தில் அம்மாவின் கேள்வியை எழுதினேன்.

பதில் வர ஏழு வாரம் ஆனது. அதுவரை அம்மா தினமும், தபால்காரர் தெருவைக் கடந்து போகும்வரை ஸ்டோருக்குக் கிளம்பமாட்டாள். மேஸ்திரி காமராஜ் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். கடிதம் வந்த அன்று அப்பாவும் வீட்டில் இருந்தார். நின்றுகொண்டே வாசித்தேன்.

கல்லறைத் தோட்டம் மேட்டில் உள்ள தேவாலயத்தை ஒட்டி இருக்கிறது. அதை யாரும் தொடமாட்டார்கள் என்று ஜூலி எழுதியிருந்தாள். விட்டேக்கர் அம்மாளிடம் போய்க் கேட்டாளாம். அந்த அம்மாள் இப்போது ஊர்க்கோடியில் ஒரு புது வீட்டில் இருக்கிறார், எழுபத்துநாலு வயது. அம்மாவை அவர் பெரி என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னதை ஜூலி அப்படியே எழுதியிருந்தாள்: "ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரருக்குப் பூ வைக்கப் போகிறேன். பக்கத்து வரிசையில்தான் பெரியின் பையன் இருக்கிறான். அவனுக்கும் இரண்டு பூ வைக்கிறேன். அவள் ஊருக்குப் போனதிலிருந்து வைக்கிறேன். இதை அவளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்."

அம்மா இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அன்று அவர் மலைக்கு ஜீப்பை எடுக்கவில்லை. அழுது முடித்ததும் அம்மா எழுந்து, சோற்றை வடித்து, எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். குழம்பு நன்றாக இருந்தது.

ஆடி மாதம் புத்தகம் வந்தது. நாற்பது பக்கம், மெல்லிய அட்டை. இருபத்தேழாம் பக்கத்தில் அம்மாவின் பெயர் ஆங்கிலத்தில், ஒரு எழுத்து தப்பாக. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தாள். மறுநாள் ஒரு துணியில் சுற்றி ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் அங்கே எட்டிப் பார்த்தேன். பொறுக்குகிற பெண்கள் முறத்தை ஓரம் வைத்துவிட்டு, புத்தகத்தில் இருந்த தெருவின் போட்டோவைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து, வரிசையாக ஒவ்வொரு கதவாகத் தொட்டு, யார் வீடு, எத்தனை பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊருல எல்லா வீடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தான் இருக்கும்," என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கும் பாண்டியம்மாள் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரு, சிலமலையா?"

"இல்லக்கா," என்றாள் அம்மா. "இந்த ஊரு." பிறகு போட்டோவில் அடுத்த கதவுக்கு விரலை நகர்த்தினாள்.