ஒற்றைக் காலில் எழுவது

என் தங்கை ஜெஸ்லினின் முழங்கையைக் கெடுத்தது நான்தான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உள்பக்க ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஒரு வருஷம் பந்தைத் தொடக்கூடாது என்றார். மாநில பேஸ்பால் அணித் தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டுக் கோட்டாவில் ப்ளஸ் ஒன் சேரலாம். அவள் மார்க்குக்கு வேறு வழி கிடையாது.

பள்ளி அணிக்கு ஆள் போதாமல் எட்டாம் வகுப்பில் அவளைப் பிடித்துப்போட்டவர் பி.டி. டீச்சர் ஆஷா மிஸ். ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர். பந்தை எண்ணித்தான் கொடுப்பார், வாரம் மூன்று நாள். மற்ற நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒற்றைக் காலில் எழவேண்டும், படியில் தாவவேண்டும்.

போய்க் கேட்டேன். "மிஸ், இவ பந்தெறிய வந்தாளா, தோப்புக்கரணம் போட வந்தாளா?"

"கால்ல பலம் இல்லேன்னா அத்தனையும் முழங்கை தலையிலதான் விழும், கேட்டேளா. வேகம் தரையிலேர்ந்து வரணும். கை கடைசி."

வேலை செய்ய மனமில்லாதவர்களின் பேச்சாக எனக்குப் பட்டது.

பாலிடெக்னிக்கை விட்ட பிறகு தம்பானூரில் ஒரு லாட்ஜில் எனக்கு இரவு ரிசப்ஷன் வேலை. காலை ஆறு மணிக்கு முடியும். ஆறேகாலுக்கு அவளை அங்கே வரச்சொன்னேன். ஜெனரேட்டர் அறைக்கும் மதிலுக்கும் நடுவே நீளச் சந்து. கடைசியில் கிழிந்த மெத்தை ஒன்றைச் சாய்த்து, சாக்பீஸால் கட்டம் போட்டேன். தினமும் நூறு பந்து. அவள் நிற்கும் இடத்துக்கு முன்னால் தண்ணீர்க் குழாய்கள் குறுக்கே ஓடியதால் காலை எட்டி வைக்க முடியாது. நின்றபடியே கையை மட்டும் வீசினாள். அப்படியும் வேகம் கூடியது. காலால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று முடிவுசெய்தேன். பள்ளியில் அந்தப் பயிற்சிகளை ஒப்புக்குச் செய்தால் போதும், தெம்பைக் கைக்கு மிச்சம் வை என்றேன். மிஸ்ஸிடம் மூச்சு விடாதே என்றும் சொன்னேன்.

"கைமுட்டுக்கு உள்ள குத்துதுண்ணே."

"பழகாத கைல்லா. சரியாவும்."

யாரோ அறையில் விட்டுப்போன தலைவலித் தைலத்தைத் தேய்த்துவிட்டேன். மறுநாளும் நூறு.

பள்ளியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் எறிந்த பந்து காலடியிலேயே விழுந்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்கேனுக்குப் பிறகு பிசியோ அறையில் அவளை ஸ்டூலில் வைத்து ஒற்றைக் காலில் எழச் சொன்னார்கள். பாதி எழும்போதே முட்டி உள்ளே மடிந்தது. பொத்தென்று உட்கார்ந்தாள்.

கூட வந்திருந்த ஆஷா மிஸ் என்னைப் பார்த்தார். "நான் எண்ணித்தான் குடுத்தேன். வெளில எங்கயாவது எறிஞ்சாளா?"



"இல்ல மிஸ்" என்றாள் ஜெஸ்லின்.

அணித் தேர்வு நாளன்று டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா கிழக்கேகோட்டை ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். ஜெஸ்லின் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள், ஒற்றைக் காலில் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"இனி அது எதுக்குட்டீ?"

"அம்ம அவிய மொதலாளிட்ட பேசிருக்கு. ஹோட்டல்ல டோக்கன் குடுக்க ஒத்தக் கை போதுமாம். பின்னே, நாள் முழுக்க நிக்கணும்லா."

எழுந்தாள். இந்த முறை முட்டி மடியவில்லை.