அம்மா சொல்லச் சொன்னாங்க

அக்காவின் வலது கை மடங்க மாட்டேன் என்றது. சட்டைக்கையை அதில் ஏற்றுவதற்குள் தங்கைக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. நேற்று மாலை தையல்கடையில், இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தபடியே சாய்ந்தவள்தான். நெஞ்சு நின்னுபோச்சு என்றார்கள்.

"கொஞ்சம் விட்டுக்குடேன் அக்கா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். உயிரோடு இருந்தபோதே விட்டுக்கொடுக்காதவள், இப்போதா கொடுக்கப்போகிறாள்?

"சித்தி, அம்மாவுக்கு இந்தச் சட்டை புடிக்கலையாம். நீலத்தைப் போடச் சொல்றாங்க."

கதவருகே வாலு நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் ஒரே மகள். எட்டு வயது, பார்த்தால் ஐந்துதான் சொல்லத் தோன்றும். சின்னக் கண்கள். தண்ணீர்ப் பாத்திரத்தோடு உதவிக்கு நின்ற தையல்கடை முதலாளியம்மா சட்டென்று திரும்பியதில் தண்ணீர் தரையில் சிந்தியது.

"யாரு சொன்னது?" என்றாள் தங்கை.

"அம்மாதான். இப்பத்தான் சொன்னாங்க. முதலாளியம்மா, உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. கடையில வெள்ளை நூல் தீந்துபோச்சாம்."

முதலாளியம்மா பாத்திரத்தை வைத்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டாள். கேட்டாள். பதில் வந்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"தீந்துதான் போச்சாம்" என்றாள்.

"முந்தாநாள் அக்கா வீட்ல சொல்லியிருப்பா, அதை இவ இன்னைக்கிச் சொல்றா. நேத்து எது, இன்னைக்கு எதுன்னு இவளுக்குத் தெரியாதும்மா" என்றாள் தங்கை. சொன்னாளே தவிர, அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்கே தைரியம் வரவில்லை. சட்டையை மட்டும் மாற்றினாள். நீலத்தைத்தான் போட்டாள்.

வாலுவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர்கள் இருந்தன. பொய்க்காரி. திருட்டுக்கை. காலையில் படித்தது மதியம் மறந்துபோகும். நடக்காததை நடந்தது போலக் கண்ணைச் சிமிட்டாமல் சொல்வாள். மருத்துவக் காரணம் ஏதும் இல்லையென்றால் அடுத்த வருஷம் இடமில்லை என்று தலைமையாசிரியை கைவிரித்துவிட்டார். வீட்டில் மட்டும் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது சித்தி கீழே போட்டுவிட்டாள். குழந்தை பேசத் தாமதமானபோதும் அதுதான், கணக்கு வராதபோதும் அதுதான். தங்கை அந்தப் பழியைத் தலையில் சுமந்துகொண்டு இந்த வீட்டுக்குச் சோறாக்கிப் போட்டாள், பாத்திரம் கழுவினாள், குழந்தையைத் தூங்கவைத்தாள். ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை.

போன வாரம் வாலுவைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனபோது அக்காவும் தங்கையும்தான் போனார்கள். மருத்துவர் ஒரு சின்னக் கண்ணாடி ஸ்கேலால் வாலுவின் கண்களை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்தார். உதடுகளின் படம் வரிசையாக அச்சடித்த அட்டை ஒன்றை அவள் கன்னத்தருகே பிடித்து, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளத்தை வெகுநேரம் பார்த்தார். பள்ளம் அழிந்து வழவழவென்று இருந்தது.

"முகம் பாதிதான் சொல்லுது. மீதியை அம்மாதான் சொல்லணும்" என்றவர், குரலைத் தணித்துக் கேட்டார். "இவ வயித்துல இருந்தப்ப குடிச்சீங்களாம்மா? திட்டறதுக்குக் கேக்கல. அப்படிக் குடிச்சா புள்ளைக்கு இந்த முகமும் மறதியும் வரலாம். தெரிஞ்சா இவளுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு பள்ளிக்கூடத்துக்குச் சொல்லலாம்."

"ஐயோ, அந்தப் பழக்கமே கிடையாது" என்றாள் அக்கா, காதுமடலைத் தடவிக்கொண்டே. "இவ குழந்தையைக் கீழ போட்டுட்டா. அதான்."

காதைத் தடவினால் அக்கா பொய் சொல்கிறாள் என்பது தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியே வரும்போது மருத்துவர் அவளை மட்டும் நிறுத்தினார். கூட இருந்து பார்த்தவங்க யாராவது சொன்னாலும் போதும் என்றார். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து வாலுவிடம் கேட்காதீர்கள், கேட்டதெல்லாம் இவளுக்கு நடந்ததாகிவிடும் என்றும் சொன்னார். அன்றே தங்கை அத்தானிடம் கேட்டாள். "என் பொண்டாட்டி அதை மோந்துகூடப் பாத்ததில்ல" என்று அவர் எரிந்து விழுந்தார். இப்போது அக்கா வாயை மூடிவிட்டாள். இனி யாரைக் கேட்பது?

வெள்ளை நூல் சமாச்சாரம் அதற்குள் வீடு முழுக்கப் பரவிவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு வாலுவையே பார்த்தார்கள். ஒவ்வொருவராக அவளை ஓரமாகக் கூட்டிப்போய், "என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார்கள். வாலு ஒருவரையும் ஏமாற்றவில்லை. "சொன்னாங்களே" என்றாள். கோபம் இல்லையாம், மறக்கமாட்டாங்களாம். அப்படிச் சொல்லும்போது அவள் தலையைச் சாய்க்கும் விதம் அசல் அக்காவேதான்.

"அது நோய். கேட்டா ஆமாங்கும். விடுங்க அவளை" என்று கத்தினாள் தங்கை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அத்தான் மட்டும் பக்கத்தில் வரவே இல்லை. பின்கட்டுப் படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். வாலு அவர் முன்னால் போய் நின்றாள். அவளை இழுத்துவரப் போன தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, அம்மா சொல்லச் சொன்னாங்க. நான் உள்ள இருக்கும்போது குடிச்சாங்களாம். நீங்கதான் கறுப்புப் பையில சுத்திக் கொண்டாந்தீங்களாம்."

அத்தான் நிமிர்ந்தார். வாலுவைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலப் பார்த்தார்.

"வேற... வேற என்ன சொன்னா?"

"சித்தி கீழ போட்டதால இல்லையாம்."

அத்தான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பேசினார். தங்கையிடம் பேசினாரா, உள்ளே கிடந்தவளிடமா என்று தெரியவில்லை.

"தூக்கம் வரல, தூக்கம் வரலன்னு அழுவா. முன்னாடியே பழக்கம். மாசமா இருக்கும்போதும் விட முடியல. கொஞ்சம்தானேன்னு நான்தான் வாங்கிட்டு வருவேன். எங்க ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. புள்ள பொறந்தப்புறம் ஒரேயடியா விட்டுட்டா. அப்புறம் நீ ஒருநாள் புள்ளைய நழுவவிட்ட. கீழ மெத்தை, ஒரு கீறல்கூட இல்ல. இதையே காரணமாச் சொல்லிடலாங்கன்னா. நானும் சரின்னுட்டேன்."

தங்கைக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. இத்தனை வருஷமாக! அதற்கு நடுவிலேயே மனசு லேசாகிப்போனதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இதை டாக்டர்கிட்ட சொல்வீங்களா அத்தான்?"

"சொல்றேன். சொல்லிடறேன்னு அவகிட்டயும் சொல்லிடு" என்றார், உள் அறையைப் பார்த்து.

தங்கை வாலுவைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். யோசித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மருத்துவர் கேட்டபோது வாலு பக்கத்தில்தான் இருந்தாள். கேள்வி அவள் காதில் விழுந்தது, பதிலாக முளைத்துவிட்டது. சித்தி கீழே போட்ட கதையும் அங்கே வந்ததுதான். ஆனால் கறுப்புப் பையைப் பற்றி மருத்துவர் கேட்கவே இல்லையே.

வாசலில் வண்டி வந்து நின்றது. கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான்கைந்து பேர் உள்ளே போய் அக்காவைத் தூக்கினார்கள்.

வாலு தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தி, உன்கிட்டயும் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

கேட்கக் கூடாது என்று தங்கைக்குத் தெரியும். கேட்பவர்களுக்கு என்ன வேண்டுமோ அதைத்தான் இந்தக் குழந்தை சொல்லும் என்பதும் தெரியும். அக்காவின் வாயிலிருந்து தனக்கு என்ன வேண்டும் என்பதும் அவளுக்கு நன்றாகவே தெரியும்.

வண்டிக்குப் போகும் வழியில் எல்லோரும் நின்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து, முடியை ஒதுக்கிவிட்டு, வாலுவின் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.