பின்னால் வந்த குரல்

"விட்டுட்டு வந்துட்டா" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் தங்கை தலையை ஆட்டுவாள். ஆட்டாமல் எப்படி இருப்பது? அண்ணனும் அண்ணியும் சேர்ந்துதான் காட்டுக்குள் நடக்கப் போனார்கள். அண்ணி மட்டும் திரும்பி வந்தாள். அதோடு நின்றிருந்தால் தலையெழுத்து என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அண்ணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அண்ணனின் பை, இரட்டை அருவிக்குக் கீழே இருக்கும் ஓடையில் சிக்கிக் கிடந்தது. அவன் முழுகியதும் அங்கேதான் என்று தேடிப் போனவர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணியோ, அந்த ஓடையைத் தாண்டிய பிறகும் சாலைக்கு வந்து சேரும்வரை ஒவ்வொரு ஓடையிலும் அவன் தனக்குக் குரல் கொடுத்தான் என்று போலீஸ்வரைக்கும் போய்ச் சொன்னாள். முழுகினவன் எங்கிருந்து குரல் கொடுப்பான்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்று சொந்தக்காரர்கள் அவளைப் பேசித் தீர்த்தார்கள்.

அந்தக் குரல் சமாச்சாரம் அண்ணன் கொண்டுவந்தது. அவன் கூரை போடுகிறவன். உச்சியில் ஒருவன் நடக்கும்போது கூட இருப்பவன் அவனைப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வேலையில் எழுதாத சட்டம். பார்த்தால் நடக்கிறவனுக்கு அவசரம் வரும், அவசரம் வந்தால் கால் வழுக்கும். காட்டுக்கும் அவன் அதையே வைத்தான். முன்னால் போகிறவர் ஓடையைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வளைவுவரை போய் "கூ" என்று கூவ வேண்டும். பின்னால் வருகிறவர் நிதானமாகத் தாண்டிக் கரையேறியபின் பதிலுக்குக் கூவ வேண்டும். அருவிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, கூ மட்டும் எடுபடும். பதில் வந்துவிட்டால் ஆள் கரையேறியாயிற்று என்று அர்த்தம், முன்னால் இருப்பவர் நடையைக் கட்டலாம்.

தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு நாள் மதிய இடைவேளையில் சீருடையைக்கூட மாற்றாமல் அண்ணி வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் நின்றாள். கடையின் பின்னறையில் அண்ணி ஒரு வில்லையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த தூள் அவள் மணிக்கட்டுவரை வெள்ளையாக அப்பியிருந்தது.

"அந்த வழியில என்னைக் கூட்டிட்டுப் போங்க அண்ணி."

அண்ணி கையை இறக்கவில்லை. "எதுக்கு?"

"நீங்க சொன்னது நெசமான்னு என் காதால கேக்கணும்."

"கேக்கலைன்னா?"

"அம்மா சொல்றதுதான் சரின்னு நெனச்சுப்பேன். அப்புறம் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் தெனமும் வந்து முழிக்கிற மாதிரி" என்றாள் அண்ணி. வில்லையைத் துடைத்து உறையில் போட்டாள். "லீவு சொல்லிட்டு வா. போலாம்."

ஆகவே இருவரும் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ஒருத்திக்குத் தன் அண்ணனை இவள் விட்டுவிட்டு வந்தாளா இல்லையா என்று தெரிய வேண்டும். இன்னொருத்திக்குத் தான் பொய்க்காரி இல்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

முதல் நாள் முழுக்க ஏற்றம். உட்கார்ந்தே சம்பாதிக்கும் உடம்பு தங்கைக்கு. பாதி ஏற்றத்திலேயே முழங்கால் முறையிட ஆரம்பித்தது. பட்டை உரிந்து தொங்கும் உயரமான மரங்கள், இடுப்பளவுப் பெரணிச் செடிகள், காலுறைக்குள் புகுந்து இரத்தம் குடிக்கும் அட்டைகள். ஓடை வரும்போதெல்லாம் அண்ணி முன்னால் தாண்டி வளைவுக்குப் போய்க் கூவினாள். தங்கை பாசி பிடித்த கல்லைக் கெட்டியாகப் பற்றித் தாண்டிக் கரையேறிப் பதிலுக்குக் கூவினாள். முதல் தடவை வெட்கமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். பேருந்தில் அவளுக்கு முதுகுப் பக்கம் நடப்பதெல்லாம் கண்ணாடியில் தெரியும். யார் படியில் தொங்குகிறார்கள், எவன் பின்னால் ஒலிப்பானை அழுத்திக்கொண்டு வருகிறான் என்று பார்க்காமலே சொல்வாள். இங்கே கண்ணாடி இல்லை. முதுகு திறந்த வீடு மாதிரி கிடந்தது. அவள் நடந்தால் பின்னால் காய்ந்த பட்டை நொறுங்கியது, அவள் நின்றால் அதுவும் நின்றது. ஆனால் ஒரே ஒரு அடி தாமதமாக நின்றது. பயமா, களைப்பா என்று அவளுக்கே விளங்கவில்லை. அண்ணியிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் அண்ணி கட்சி ஜெயித்துவிடும் என்ற வீம்பு.

சாயங்காலம் கூடாரத்தை அடித்துவிட்டு அட்டைக் கடிகளைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டே விட்டாள்.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலையா அண்ணி? ஒரே ஒரு தடவை?"

"பாக்கக் கூடாதுன்னு சொன்னது உங்க அண்ணன்" என்றாள் அண்ணி. "கல்யாணமானதுலேர்ந்து அவர் சொல்லி நான் மறுபேச்சு பேசாம கேட்டது அது ஒண்ணுதான்."

சிரிக்கத்தான் தோன்றியது. சிரிக்க முடியவில்லை. அவனோடு எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பவள் அண்ணி, அது ஊருக்கே தெரியும்.

மறுநாளும் நடந்து, அதற்கடுத்த நாள் மதியம் இரட்டை அருவிக்கு வந்தார்கள். பாறையைப் பிளந்துகொண்டு இரண்டு தாரையாகத் தண்ணீர் விழுந்தது. கீழே குட்டையில் கலந்து ஓடையாக ஓடியது. அண்ணி தண்ணீரைப் பார்க்காமல் எதிர்க்கரை மரத்தையே பார்த்துக்கொண்டு தாண்டினாள். தங்கை தாண்டினாள். அவன் பை எந்தக் கல்லில் சிக்கியிருந்தது என்று அவள் கேட்கவில்லை, அண்ணி காட்டவும் இல்லை. இனிமேல்தான் விஷயம் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த ஓடைக்கும் மேலே ஒரு சின்ன அருவி இருந்தது. அண்ணி தாண்டிப் போய் வளைவில் மறைந்தாள். தங்கை இக்கரையிலேயே நின்றுகொண்டாள். அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே போட்டு வைத்த திட்டம் இது: இரட்டை அருவிக்கு அப்புறம் வரும் முதல் ஓடையில் தான் பதில் கொடுக்கப் போவதில்லை. பதில் வராமலே அண்ணி நடையைக் கட்டினால், அன்றைக்கும் அப்படித்தான் கட்டியிருக்கிறாள். அதற்குமேல் வேறு சாட்சி வேண்டாம்.

"கூ!" என்று அண்ணியின் குரல் வந்தது.

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"கூ" என்று பதில் வந்தது.

அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. கைக்கு எட்டும் தூரம் என்று சொல்ல முடியாது, தூரம் என்றும் சொல்ல முடியாது. வருஷக்கணக்காகக் கூரைத் தூசியைச் சுவாசித்து, கடைசியில் கரகரத்து உடையும் குரல். இந்த உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் அந்தத் தொண்டை. எதிர்க்கரையில் மரங்களின் இடுக்கில் அண்ணியின் பை கொஞ்சம் தயங்கி, பிறகு மேலே நகர்ந்து போவது தெரிந்தது.

தங்கைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அண்ணி சொன்னதெல்லாம் நிஜம். இந்த ஒரு வருஷமாக வீட்டில் பேசிய பேச்செல்லாம் அபாண்டம். அது மனதில் ஒரு மூலையில் தைத்தது, ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அண்ணி முக்கியமாகப் படவில்லை. அண்ணன் இருக்கிறான். இங்கேதான் எங்கேயோ இருக்கிறான்.

"அண்ணா!" என்று திரும்பினாள். பெரணியும் மரமும்தான் இருந்தன. "அண்ணா, நான்தான். டிரைவர் வந்திருக்கேன் பாரு!" அவன்தான் அவளை அப்படிக் கேலி செய்வான். ஒரு சத்தமும் இல்லை. அருவிக்குக் கீழே குட்டைப் பக்கம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. பாதையை விட்டு இறங்கி, பையோடு தண்ணீருக்குள் கால் வைத்தாள். குளிர் எலும்பைப் பிடித்தது. "ஒரு வார்த்தை பேசேன். அம்மா சோறு தண்ணி இல்லாம கெடக்கு. ஒரு வார்த்தை சொல்லேன்."

கல் புரண்டது. வலது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே சறுக்கி இறங்கி மாட்டிக்கொண்டது. முதுகுப் பை அவளைப் பக்கவாட்டில் சாய்த்தது. மார்புவரை தண்ணீர் ஏறியது. இழுக்க இழுக்கக் கால் இறுகியது. "அண்ணி!" என்று கத்தினாள். அருவி அதை வாய்க்குள்ளேயே அமுக்கிவிட்டது. அவள் காதுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

தொலைவில், அடுத்த ஓடையிலிருந்து, அண்ணி கூவினாள்.

தங்கை வாயைத் திறந்தாள். கூவினால் கேட்கும். ஆனால் கூவினால் என்ன அர்த்தம்? பத்திரமாகக் கரையேறிவிட்டேன் என்று அர்த்தம். இத்தனை யோசித்துச் சட்டம் போட்டவன், கரையேறிவிட்டேன் என்று சொல்ல ஒரு குரல் வைத்தானே தவிர, மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல எதையும் வைக்கவில்லை. தனக்கு அது வேண்டியிருக்கும் என்று அவன் நினைத்தே இருக்க மாட்டான்.

அவள் முழித்துக்கொண்டிருக்கும்போதே அவளைத் தாண்டிப் பதில் போனது. "கூ." அதே உடைந்த குரல், இந்தத் தடவை தண்ணீரை ஒட்டினாற்போல், அவள் தோளுக்குப் பக்கத்தில்.

"டேய், சொல்லாதடா!" என்று அழுதாள். "நான் இன்னும் ஏறலடா! சும்மா இருடா அண்ணா!"

அவனுக்கு அவள் குரல் கேட்கவே இல்லை. அதுதான் அவளை உடைத்தது. தங்கை கூப்பிட்டாலும் கெஞ்சினாலும் அவனுக்கு ஒன்றுதான். பெண்டாட்டி கூவினால் பதில் கூவ வேண்டும், அவள் பயப்படாமல் நடக்க வேண்டும். அவனிடம் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அந்த அன்பே தன்னை இங்கே முழுக வைக்கப் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. தண்ணீர் கழுத்தைத் தொட்டது. விரல்கள் மரத்துப் போயின. பையின் வாரைக்கூட அவிழ்க்க முடியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கரையில் தொப்பென்று பை விழும் சத்தம் கேட்டது. அண்ணி உடுப்போடு தண்ணீரில் இறங்கினாள். தங்கையின் தோளிலிருந்து பை வாரைக் கழற்றி, அதைத் தண்ணீரோடு போகவிட்டாள். மூச்சைப் பிடித்து உள்ளே முழுகி, காலணிக் கயிற்றை அவிழ்த்தாள். வில்லையில் கீறல் தேடிப் பழகிய விரல்கள். கண்ணுக்குத் தெரியாத முடிச்சையும் அவிழ்த்துவிட்டன. கால் வெளியே வந்தது, காலணி பாறையோடு தங்கிவிட்டது.

கரையில் இருவரும் நனைந்த கோழிகளாக விறைத்துக் கிடந்தார்கள். வெகுநேரம் தங்கைக்குப் பல் கிட்டித்தது.

"ஏன் திரும்பி வந்தீங்க?" என்று கடைசியில் கேட்டாள். "அவன்தான் பதில் சொன்னானே. எனக்கே கேட்டுச்சே."

"அவர் பதில் சொன்னதாலதான் வந்தேன்" என்றாள் அண்ணி. "மொதல்ல சொன்னப்போ பிரமைன்னு நெனச்சு நடந்துட்டேன். ரெண்டாவது தடவையும் அவர் குரல்தான் வந்துது, உன் குரல் வரல. அவர் பதில் சொன்னா பின்னாடி யாரும் வரலைன்னு அர்த்தம். போன வருஷம் எனக்கு அது தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டு அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடக்கி வைத்த ஒரு வருஷத்து அழுகை, அருவிச் சத்தத்தையும் மீறி வந்தது. தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். என்னை மன்னிச்சிடுங்க என்று சொன்னாள், அம்மாகிட்ட நான் பேசறேன் என்று சொன்னாள். அண்ணிக்கு அது போதுமா, போதாதா என்று தங்கைக்குத் தெரியவில்லை.

அண்ணி எழுந்து, தன் பையிலிருந்த கூடாரத் துணியில் ஒரு மூலையைக் கிழித்துத் தங்கையின் வெறுங்காலில் சுற்றிக் கட்டினாள். சாலைக்கு இன்னும் சில ஓடைகள் இருந்தன. அடுத்த ஓடைக்கு வந்ததும் தங்கை நின்றுவிட்டாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"அண்ணி, இன்னும் ஒரே ஒரு தடவை கூவுங்களேன். நான் பக்கத்துலயேதான் இருக்கேன். அவன் குரலை இன்னும் ஒரு தடவை கேட்டுக்கறேன்."

அண்ணி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் கூவற வரைக்கும் அவர் அந்தத் தண்ணியிலயே நின்னு பதில் சொல்லிட்டிருப்பார்" என்றாள். "வேண்டாம்டா கண்ணு. வா."

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் பின் ஒருவராகத் தாண்ட வேண்டிய இடத்தில் இருவரும் சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே அக்கரை ஏறினார்கள். ஏறியதும் பழக்கதோஷத்தில் அந்தக் குரல் இருவருக்கும் தொண்டைவரை வந்தது. ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்து, அதை விழுங்கிக்கொண்டு நின்றார்கள்.