கழற்றி வைத்த கால்

வார் துளைக்குள் ஏற மறுத்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். இறந்து கிடக்கும் அப்பாவுக்குச் செயற்கைக்காலை மாட்டுவது இவ்வளவு பெரிய வேலை என்று அவனுக்குத் தெரியாது. அப்பாவின் முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருப்பதையே இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

“சீக்கிரம் மாட்டுடா. நாலு பேர் பாக்குறப்ப முழு ஆளா இருக்கட்டும்,” என்ற அத்தை குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்திய குரலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். “வண்டி வந்ததும் நம்ம வீட்டுக்குக் கொண்டு போயிடலாம். இந்த வீட்டம்மாவ வர வேணாம்னு சொல்லிடு. அவ யாருன்னு ஊர்ல கேட்டா என்னன்னு சொல்லுவ?”

காலையிலிருந்து அவனை ஓரிடத்தில் நிற்க விடாதது அந்தக் கேள்விதான். வாசலுக்குப் போனான், வந்தான், ஃபோனை எடுத்தான், வைத்தான்.

லாரி கவிழ்ந்து கால் போனபிறகு அப்பா வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். யார் பேச்சுக் கொடுத்தாலும் எரிந்து விழுவார். செயற்கைக்காலுக்கு அளவெடுக்க வந்த பட்டறைக்காரம்மாவையும் கத்தித்தான் விரட்டினார். அவள் அசரவில்லை. “கத்துறதுக்குக் கால் வேணாம். கக்கூஸுக்கு நடக்க வேணும்ல?” என்று டேப்பை நீட்டினாள். அன்றைக்கு அப்பா சிரித்துவிட்டார். அப்புறம் அவள் பட்டறையிலேயே வார் தைக்க உட்கார்ந்தார். புதிதாகக் காலிழந்து வருகிறவர்களுக்குத் தானே நடந்து காட்டினார். கடைசியில் பட்டறைக்குப் பின்னாலிருந்த அவள் வீட்டுக்கே குடிவந்துவிட்டார். தன்னால் எழுப்ப முடியாத ஆளை எவளோ எழுப்பிவிட்டாளே என்ற பொறாமை மகனுக்குப் போகவே இல்லை. எப்போதாவது வருவான். அவளுக்கு ஒரு வணக்கம், அதோடு சரி.

“வார் முறுக்கியிருக்கு தம்பி. அழுத்தும்,” என்று கதவருகே பட்டறைக்காரம்மாவின் குரல் கேட்டது. சொன்னபிறகுதான் இனி எதுவும் அழுத்தாது என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“முழு ஆளா இருக்கட்டும்னு அத்தை சொன்னாங்க.”

“வேலை முடிஞ்சு உள்ள வந்தா மொதல்ல இதத்தான் கழட்டுவாரு. அப்பாடான்னு படுப்பாரு.” அவள் சற்று நிறுத்தினாள். “நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் கழட்ட மாட்டாரு. நீங்க போனப்புறம் பாத்தா தோல் உரிஞ்சிருக்கும். நான்தான் மருந்து போடுவேன்.”

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அவன் வரும்போதெல்லாம் அப்பா பேண்ட் மடிப்புக் கலையாமல் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போல நாற்காலியில் இருப்பார்.

“எப்படிக் கழட்டணும்?”

“மேல் வார மொதல்ல. மெதுவா.”

அவன் மெதுவாகக் கழற்றினான்.

வெளியே வண்டி வந்து நின்றது. அப்பாவை ஏற்றியதும், “பக்கத்துல ஒருத்தர்தான் உக்காரலாம்,” என்றார் டிரைவர்.

“நீங்க ஏறுங்க,” என்றான் அவளிடம்.

அத்தை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “கேட்டா என்னடா சொல்லுவ?”

பட்டறைக்காரம்மா வெறுங்காலோடு ஏறியிருந்தாள். அவன் குனிந்து, வாசலில் கிடந்த அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான்.