பலகை பிடிக்கிறவள்

காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரச்செதுக்கு வகுப்பு என்று போர்டு வைத்ததும் முதலில் பெயர் கொடுத்தவள் நான்தான். எழுபத்தைந்தாம் வருஷம். பொம்பளைகளுக்கென்று தையல் வகுப்பு பக்கத்து ஷெட்டிலேயே இருந்தது. வாரம் முழுக்கக் கம்பெனியில் பல்புக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள், லீவு நாளிலும் குனிந்துகொண்டு ஊசி கோக்க வேண்டுமா?

"உளி புடிச்சிக்கினு இன்னாத்தடி செதுக்கப்போற?" என்றாள் அம்மா.

"உன் மருமவனத்தான்."

முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள் வாயிலிருந்து அது வந்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

வகுப்பு எடுத்த துளசிராமன் மாஸ்டரிடம், பலகையைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்றே ஒன்று இருந்தது. அதை அவர் யாருக்கும் தரமாட்டார். அதனால் எங்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார். ஒருவர் செதுக்கும்போது மற்றவர் பலகையை அசையாமல் பிடிக்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். வேலையை முடித்தவர்கள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். வெளியே பெயர் கொடுத்துவிட்டு ஆட்கள் காத்திருந்தார்கள்.

எனக்கு வாய்த்த ஜோடி பாக்கியராஜ். பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். நான் ஒரு மாங்கொத்து செதுக்கலாம் என்று பலகை வாங்கி வந்தேன். அவர் சாக்குக்குள்ளிருந்து எடுத்தது வேப்பமரச் சிலுவை.

"சம்சாரம் தவறி ரெண்டு வருசம் ஆவுதுங்க. கல்லறைத் திருநாளுக்குள்ள பேரு, கொடி எல்லாம் செதுக்கி நட்டுடணும்."

அவள் பெயர் கிரேஸ். அந்தப் பெயரை அவர் செதுக்கி முடிக்கிறவரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தலைகளும் பலகை மேல் குனிந்திருக்கும். அவர் தட்டத்தட்ட மரத்தூள் என் மடியில் விழும். வீட்டுக்குப் போய்ப் புடவையை உதறவும் மனசு வராது. அந்த ஆள் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்துவிட்டது. செத்துப்போனவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றால் பாருங்களேன்.

ஒரு கோடு செதுக்கச் சிலுவையை நாலு தரம் திருப்புவார். எனக்கோ பொறுமை கிடையாது.

"ஒரே பக்கமா ஓட்டுனா சீக்கிரம் முடியும் இல்ல? இன்னாத்துக்கு திருப்பிக்கினே கீறீங்க?"

"உளி வழுக்குனா உங்க கையில வந்து ஏறிடுங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். என் கைக்காக அதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை. அன்றைக்கு நான் சாப்பிடக்கூட இல்லை.

என் மாங்கொத்து ஆடி மாசமே முடிந்திருக்கும். நான்தான் இங்கே ஒரு இலை, அங்கே ஒரு பிஞ்சு என்று சேர்த்துக்கொண்டே போனேன். "இது கொத்தா, தோப்பா?" என்று கேட்டார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியராஜ் மட்டும் சிரிக்காமல் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் அவருக்குக் கொடியின் கடைசி இலை ஒன்றுதான் பாக்கி. என் கை லேசாக நகர்ந்தால் போதும், இலை பிய்ந்துவிடும். அப்புறம் வேறு மரம், முதலிலிருந்து வேலை, இன்னும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டே, விரல் மரத்துப்போகிற அளவுக்கு அழுத்திப் பிடித்தேன். இலை அழகாக வந்தது.

"முடிஞ்சிச்சிங்க," என்று தூளை ஊதினார்.

சிலுவையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"நட்றப்போ நேரா புடிக்க ஒரு ஆள் வேணும். சனிக்கிழமை வர்றீங்களா?"

"வரேன்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பாவலாவாவது காட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் கல்லறைத் தோட்டம் மழையில் சொதசொதவென்று கிடந்தது. அவர் கடப்பாரையால் குழி தோண்டினார். நான் இரண்டு கையாலும் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிரேஸ் என்ற பெயர் என் முகத்துக்கு நேரே இருந்தது. 'கோச்சிக்காதம்மா' என்று மனசுக்குள் சொன்னேன். அவர் செங்கல் துண்டுகளைப் போட்டு, மண்ணைத் தள்ளி, காலால் நன்றாக மிதித்தார்.

"வுட்ருங்க. நின்னுக்கும்."

மாடு வந்து முட்டினாலும் நிற்கும், எனக்குத் தெரியும். கையை எடுத்தால் எங்கள் ஜோடி வேலை அதோடு தீர்ந்தது. நாளைக்கு என் பலகையை வேறு யாரோ பிடிப்பார்கள்.

"இன்னும் ஆடுதுங்க," என்றேன்.

பாக்கியராஜ் சிலுவையை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, இன்னொரு கை மண்ணை அள்ளிப் போட்டார்.